அறுபடாத அழைப்புகள்

கதவைத் திறந்தபோது அக்கா வலது கையில் மாவுக்கட்டோடு நின்றாள். கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்கியது. இடது தோளில் அவளைவிடப் பெரிய பை. இந்தக் கையோடு இரண்டு பஸ் மாறி, லிஃப்ட் இல்லாத மூன்று மாடியும் ஏறி வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக அவள் கேட்டது, "கோவமாடி என்மேல?" என்றுதான்.

தங்கைக்கு ஒன்றும் ஓடவில்லை. பையை வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"கை என்னாச்சுக்கா?"

"அது கெடக்கு. இத்தனை நாளா ஒரு போன்கூட இல்லையேன்னு நீ நினைச்சிருப்பே. என் போன் செத்துப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவன் நல்லாத்தான் இருக்குங்கிறான். அப்புறம் பார்த்தா எங்க வரிசை வீடு எல்லாத்துலயும் அதே கதைதான். டவரே காட்டமாட்டேங்குது."

தங்கை திரும்பிச் சமையலறைக்குள் போனாள். தண்ணீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் முகத்தை மறைக்கத்தான் போனாள்.

அக்கா இருப்பது ஊரின் கடைசி வரிசை வீடுகளில், கல் உடைக்கும் ஆலைக்குப் பின்னால், மலையடிவாரத்தில். புருஷன் போனபிறகு தனி ஆள். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். தையல் இயந்திரத்தின் சத்தத்தைத் தவிர வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. அதனால் தினமும் மதியம், தங்கை ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து, போன் வந்துவிடும். விஷயம் என்று ஒன்றும் இருக்காது. "சாப்பிட்டியா", "பூனை குட்டி போட்டிருக்கு", "பித்தான் கடைக்காரன் மறுபடி ஏமாத்திட்டான்". பேச்சு பாதியில் அறுந்துபோகும். அக்கா மறுபடி போடுவாள். "எங்க விட்டேன்?" என்பாள். மறுபடி அறும். விக்கிரமாதித்தனும் வேதாளமும் தோற்றார்கள். டப்பா திறந்தபடி இருக்க, சாப்பாடு ஆறிப்போகும்.

இதில் வேடிக்கை, பேச்சு இப்படி அறுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் தங்கையின் உத்தியோகம். செல்போன் கம்பெனியில் டவர்களைச் சீர்செய்யும் பிரிவு. ஆபீஸ் சுவரில் பெரிய திரை, அதில் ஊரின் வரைபடம், டவருக்கு ஒரு புள்ளி. பேச்சு அறுபடுவது குறைவாக இருந்தால் பச்சை, மிஞ்சிப்போனால் சிவப்பு. மேலாளருக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் பிடிக்காது. காதுபடாமல் அவருக்குப் பச்சையப்பன் என்று பெயர்.

மலையடிவார டவர் நெடுங்காலமாகச் சிவப்பு. அதற்கு நேர்மையான வைத்தியம், மலைச்சரிவில் இன்னொரு சின்ன டவர் வைப்பது. தங்கை கேட்டுப் பார்த்தாள். "அங்க இருக்கிறதே நாலு வீடும்மா" என்று மேலே சிரித்தார்கள். பிறகு பச்சையப்பன் ஒவ்வொரு காலையும் அந்தப் புள்ளியை விரலால் தட்டிக்காட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் அவளுக்கும் பொறுமை போனது.

ஒவ்வொரு டவருக்கும் ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு பலவீனமான சிக்னல் உள்ள போன்வரை உள்ளே விடலாம் என்று அது சொல்லும். அந்த வரம்பை உயர்த்திவிட்டால் தூரத்தில் இருக்கும் போன்களை டவர் ஏறெடுத்தும் பார்க்காது. தொடங்காத பேச்சு அறுபடாது. சாகக் கிடக்கிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினால் ஆஸ்பத்திரியில் சாவே இல்லை என்று கணக்குக் காட்டலாமே, அந்த மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் மறைத்துவிட்டால் பூசணிக்காயைத் தேட யாரும் வரமாட்டார்கள்.

மாற்றுவதற்கு முன்னால், அந்த டவரில் அதிகம் அறுபடும் போன்கள் எவை என்று பார்த்தாள். முதலில் இருந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் அவளுக்கு மனப்பாடம். "அடிப்பாவி, என் டவரைக் கெடுக்கிறதே நீதானா" என்று சத்தமாகவே சிரித்தாள். சிரித்துவிட்டு மாற்றினாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

மறுநாள் புள்ளி பச்சை. கைதட்டினார்கள். அன்று மதியம் போன் வரவில்லை. சாப்பாடு சூடாக இருந்தது. அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது. தையல் மும்முரமாக இருப்பாள், அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். ஞாயிறுகள் வந்து போயின. ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதில் வந்தது. அந்த எல்லையைப் போட்டவளே அவள்தான்.

தண்ணீரோடு வந்தபோது அக்கா செருப்பைக்கூட ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். கை கதையை அவள் ஒரு தமாஷாகச் சொன்னாள்.

"மாடில துணி காயப்போட்டுட்டு இறங்கினேன், படி வழுக்கிடுச்சு. கை மடங்கின சத்தம் எனக்கே கேட்டுச்சுடி. உன்னைக் கூப்பிடலாம்னு போனை எடுத்தா 'அவசர அழைப்பு மட்டும்'னு நிக்குது. எனக்கு என்ன பெரிய அவசரம், கைதானேன்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயுறப்போ அடுத்த வீட்டுக்காரி வேலை முடிஞ்சு வந்தா. எலும்பு சேர நாளாகுமாம். தையலுக்குத்தான் லீவு விட்டாச்சு. ஸ்கூல் திறக்கிற நேரம்."

சாயங்காலம் அக்கா சீப்பை இடது கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிமுன் தடுமாறினாள். தங்கை அதை வாங்கித் தலை வாரிவிட்டாள். சிறுவயதில் இதே வேலை மாறி நடந்தது. அப்போது அக்கா இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வரும். இப்போது தங்கை சிக்கை மெதுவாக எடுத்தாள். முடி கையோடு வந்தது. சொல்லிவிடவேண்டும். பின்னால் நின்றிருக்கும்போதே, முகத்தைப் பார்க்காமல், சொல்லிவிடலாம்.

"அக்கா, அந்த டவர்..."

"எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்கடி. என் தங்கச்சி அங்கதான் இருக்கா, ராப்பகலா பார்த்துக்கிட்டிருப்பா, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்காக நீ எனக்காகப் போய் யார்கிட்டயும் கெஞ்சாதே. உன் வேலைக்கு ஒண்ணு ஆயிடக்கூடாது." கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "என்ன சொல்ல வந்தே?"

"சீக்கிரம் சரியாயிடும்னு."

"நீ இருக்கும்போது எனக்கென்னடி கவலை."

தங்கைக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் ஆபீசுக்குள் நுழைந்ததும் திரையைப் பார்த்தாள். ஒரு சிவப்புகூட இல்லை. ஊரின் ஓரங்கள் முழுக்கப் பச்சைப் பசேல். பச்சையப்பன் வாசல்வரை வந்து வரவேற்றார்.

"உன் மருந்தை ஓரத்து டவர் எல்லாத்துக்கும் குடுத்துட்டேன்மா. எப்படி இருக்கு?"

"சார், அது மருந்து இல்ல சார். அங்க இருக்கிறவங்களுக்கு போனே கிடைக்காது."

"எனக்குத் தெரியாதா?" அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "மேல இருக்கிறவங்களுக்குப் பச்சை வேணும். அது வந்தாதான் நம்ம பிரிவு இருக்கும். வருஷக் கடைசிவரைக்கும் ஓட்டுவோம். அப்புறம் புது டவர் கேப்போம்."

இடத்தில் போய் உட்கார்ந்தாள். மலையடிவார டவரின் வரம்பைப் பழையபடி இறக்கினாள். ஒரு நிமிஷ வேலை. அடுத்த டவரின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது, அதற்கடுத்ததும். அவை வேறு ஆட்களின் பொறுப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அங்கேயும் மாடிப்படிகள் இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நேராகவே வலித்தது. பட்டியலை மூடினாள்.

அக்கா சில நாள் இருந்துவிட்டு, பூனை தேடும் என்று கிளம்பிப் போனாள். வீடு போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். "வந்துடுச்சுடி! எங்க வரிசைக்கே வந்துடுச்சு! நீ கெட்டிக்காரிடி." அத்தோடு அறுந்தது. மறுபடி அடித்தது. "எங்க விட்டேன்? ஆங், மலைக்கு அந்தப் பக்கம் இருக்காங்களே, அவங்களுக்கு இப்ப புதுசா போயிடுச்சாம். என் தங்கச்சிகிட்ட சொல்றேன்னு சொல்லிட்டேன். அதையும் கொஞ்சம்..." அறுந்தது.

அந்த வாரமே தலைமை ஆபீசிலிருந்து பெரியவர் வந்தார். நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரையை வெகுநேரம் ரசித்தார். இவ்வளவு பச்சையை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றார். பிறகு பேனாவால் ஓர் ஓரத்தைக் காட்டினார்.

"இந்த ஒரு சிவப்பு மட்டும் என்ன?"

பச்சையப்பன் அவளைப் பார்த்தார். பார்வையில் கோபத்தைவிடக் கெஞ்சல் அதிகம் இருந்தது. எந்திரக் கோளாறு சார், சரிசெய்கிறோம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அதிர்ந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அவள் எடுத்தாள்.

"சாப்... ட்டியா?" என்றது குரல். அறுந்தது.

"யாரும்மா?" என்றார் பெரியவர்.

"நீங்க கேட்ட அந்தச் சிவப்பு, சார். எங்க அக்கா."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். அவள் போனை மேசையில் வைத்தாள். மலையடிவாரத்தில் ஓர் இடது கை மறுபடி அதே எண்ணைத் தேடி அழுத்தியிருக்கவேண்டும். போன் அதிர ஆரம்பித்தது. வழவழப்பான மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பெரியவரின் தண்ணீர்க் குவளையைத் தாண்டி, விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.