சிப்பிக்காரிக்கு ஒரு டூப்

மற்ற சூப்பர் ஹீரோக்கள் எல்லாரும் வேஷம் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். எங்கள் சிப்பிக்காரி வேஷத்தைக் கழற்றிவிட்டுப் பறப்பாள். படத்தின் மொத்தக் கதையும் இதுதான். பகலெல்லாம் ஒட்டுமீசை, முழுக்கைச் சட்டை, பேன்ட் என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏதோ ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற பையன். ஊருக்கு ஆபத்து என்றால் கழிவறைக்குள் ஓடி மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே வருவாள். நீலத் தார்ப்பாய் அங்கி, நெற்றியில் சிப்பி, கண்ணில் மை. ஆனால் எந்தக் கழிவறைக்குள் ஓடுவது, ஆண்களா பெண்களா என்று அவள் வாசலில் முழிப்பதற்குள் வில்லன் பாதி ஊரைச் சுருட்டியிருப்பான். அந்தக் காட்சியை எழுதும்போது நானே விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன், அதை விடுங்கள்.

எழுதியதும் நடித்ததும் நான்தான். பெயர் ஜெனிஸ். திருநங்கை. அதற்கு முன்னால் வீட்டில் வைத்த பெயர் என்ன என்று சிலர் கேட்பார்கள். கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கேட்காதீர்கள்.

டைரக்டர் வேல்விழி, முத்தையாபுரத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண். கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். கேமரா, அவளோடு வேலை பார்க்கும் செந்தூர்வேல். நல்ல பையன், ஆனால் பழக்கதோஷம் விடாது. வில்லன் என் கழுத்தை நெரிக்கும்போதும், "ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டி நின்னு சிரிங்க" என்பான்.

கடைசிக் காட்சிக்கு வள்ளம் வேண்டும். சிப்பிக்காரி வள்ளத்தின் முன்முனையில் நின்று, அங்கி காற்றில் பறக்க, வில்லனைத் தேடிக் கடலுக்குள் போக வேண்டும். எங்களுக்கு ஓசியில் வள்ளம் தர உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். ஆலந்தலையில் இருக்கும் என் அப்பா அம்புரோஸ்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் என்னைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை, என்னோடு பேசியதும் இல்லை. திருவிழாவுக்குப் போய் உட்கார்ந்தால் அம்மாவிடம், "அங்கன மீன் இல்ல பாரு, வையி" என்பார். அங்கன என்றால் என் தட்டு. என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அவர் மனதுக்குள் நான் இன்னும் மகனா, மகளா, இல்லை இரண்டும் கெட்டு ஒன்றுமே இல்லாமல் போனேனா? அது தெரியாமல்தான் இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா மூலமாகக் கேட்டேன். "எடுத்துக்கிடச் சொல்லு" என்று பதில் வந்தது.

"ஆனா நீ வள்ளத்துல ஏற முடியாது" என்று வேல்விழியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் கரையில் பெண்கள் மீனை ஏலம் எடுப்பார்கள், சுமப்பார்கள், விற்பார்கள், சண்டை போடுவார்கள். வள்ளத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மீன் படாது என்று ஒரு பேச்சு.

"இதென்ன அநியாயம்? அப்ப நீங்க எப்பிடி ஏறுவீங்க?"

"நான் ஏறலாம். அவருக்கு நான் இன்னும் பையன்தான, ஏளா. சின்னதுல அந்த வள்ளத்துலயேதான் கெடப்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

பையன் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். படத்துக்காகத்தானே என்று விழுங்கிக்கொண்டேன்.

படப்பிடிப்பு அன்று வெயில் தாழ்ந்ததும் முழு அலங்காரத்தோடு கரைக்கு இறங்கினேன். நெற்றியில் சிப்பி, தோளில் தார்ப்பாய், இடுப்பில் ஸ்கூட்டர் சீட் கவரில் தைத்த பெல்ட். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். "ஒன் பொண்டாட்டிகிட்ட போயி அடிலே" என்றேன். அடங்கினான்.

அப்பா தண்ணீருக்குள் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். செந்தூர்வேல் கேமராவோடு ஏறப் போனான். "தம்பி, செருப்பக் கழத்திட்டு ஏறு" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அடுத்தது நான். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளிம்பில் கைவைத்து, காலைத் தூக்கினேன்.

குறுக்கே துடுப்பு வந்து நின்றது.

"எறங்கு" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஊர் பார்க்க என்னை ஏற்ற வெட்கப்படுகிறார் என்றே நினைத்தேன். "ஏன், நான் தொட்டா ஒங்க வள்ளம் அழுகிப் போயிருமா? அவ்வளவு கேவலமாப் போச்சா நானு? அப்ப எதுக்குத் தாரேன்னு சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"படம் எடுக்கத்தான் தாரேன்னேன். பொம்பளைக்கு வள்ளத்துல என்ன சோலி?"

அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். காதில் விழுந்தது புத்திக்குள் இறங்கவில்லை.

பக்கத்து வள்ளத்துக்காரர் ஜேசுபாதம் பாவம், எனக்காகப் பரிந்துகொண்டு வந்தார். "எண்ணே, நம்ம பயதானண்ணே. சின்னதுல இதுலதான கெடந்தான். ஏறிட்டுப் போறான், விடும்."

அப்பா துடுப்பை வள்ளத்துக்குள் எறிந்தார். "ஏலே, யாரப் பாத்துலே பயங்க? ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அது என் மவ. இந்தக் கரையில எந்த வீட்டுப் பொம்பளயாவது வள்ளத்துல ஏறிப் பாத்திருக்கியா? எவன் மவளும் ஏற மாட்டா, என் மவ மட்டும் ஏறணுமோ?"

நான் ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தேன். அழுகை வந்ததா, வந்தது. மை கன்னமெல்லாம் இழுகி, சிப்பிக்காரி அழகெல்லாம் போயிற்று. என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை, இப்படிக் குளிரவைத்ததும் இல்லை.

வேல்விழி பாய்ந்து வந்தாள். "அண்ணாச்சி, இது கொஞ்சங்கூட நியாயமில்ல. பொண்ணுன்னா ஏறக் கூடாதுன்னு எவரு சொன்னது?"

நான் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். "ஏளா, வாய மூடு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வாய மூடு."

அவள் பேசியது அத்தனையும் நியாயம். எனக்குத் தெரியாதா? வேறொரு பெண்ணுக்குக் குறுக்கே அந்தத் துடுப்பு நீண்டிருந்தால் பிடுங்கி ஒடித்திருப்பேன். ஆனால் நான் சந்தோஷப்பட்டு முடிக்க வேண்டாமா?

"அக்கா, லைட்டு போகுது" என்று வள்ளத்திலிருந்து செந்தூர்வேல் கத்தினான்.

அப்பா அவனைப் பார்த்தார். "தம்பி, மூஞ்சி தெரியுமா இதுல?"

"தெரியாது அண்ணாச்சி, முதுகுதான். அக்கா கடலப் பாத்து நிக்கணும்."

அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அந்தத் துணிய இங்கன குடு."

அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே தார்ப்பாய் அங்கி, தலையில் என் சவுரிமுடி. அங்கியைக் கட்ட நான்தான் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. அவர் வள்ளத்தில் ஏறி நின்று எனக்குக் குனிந்து கொடுத்தார். கழுத்தில் உப்பும் பீடியும் சேர்ந்த வாடை. எத்தனை வருஷமாயிற்று இவ்வளவு பக்கத்தில் நின்று! போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டேன்.

"இறுக்கிக் கெட்டு" என்றார். "காத்துல போயிரும்."

ஜேசுபாதம் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். அப்பா முன்முனையில் காலை அகட்டி நின்றார். கரையில் எவனோ சிரித்தான். "சிரிச்சவன் வந்து நில்லுலே பாப்போம்" என்று அங்கிருந்தே அப்பா ஒரு சத்தம் போட்டார். "அண்ணாச்சி, இடுப்புல ஒரு கைய வைங்க" என்றான் செந்தூர்வேல். வைத்தார். நீல அங்கி படபடவென்று பறக்க, மீசை வைத்த சிப்பிக்காரி அலையை ஏறித் தாண்டிப் போனாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தொண்டை கிழியக் கூப்பாடு போட்டேன். படத்தில் இன்றைக்கும் அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகம். அது நான் இல்லை என்று யாருக்கும் தெரியாது.

வள்ளம் கரை திரும்பியது. அப்பா அங்கியைக் கழற்றி உதறி, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"யப்பா, சொல்லிட்டேன். அடுத்த படத்துல நான்தான் ஏறுவேன். டூப்பெல்லாம் கெடையாது."

"ஏறுவ, ஏறுவ. கால ஒடிப்பேன்."

"ஒடிச்சித்தான் பாருங்களேன்."

"வாயப் பாரு கழுதைக்கு! இந்த வாய்க்கு எவன் கெட்டுவான் ஒன்னய?"

"கெட்டுனா கெட்டுதான், கெட்டாட்டி போறான். ஒங்ககிட்ட கேட்டனா?"

வேல்விழி சமாதானம் செய்ய நடுவில் வந்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து அவளை விரட்டினோம். ஆலந்தலையில் எல்லா வீட்டிலும் அப்பனும் மகளும் போடுகிற அதே சண்டைதான். வீட்டு வாசல் வரைக்கும் விடாமல் போட்டுக்கொண்டே போனோம்.