குழாயை மூட வந்தவர்

காலை வெயில் ஏறுவதற்குள் பேய்ப் படம் பார்க்க வரிசையில் நிற்கிறவர்களை நான் அன்றுதான் கண்டேன். கழுத்தில் திரைப்பட விழா அட்டை தொங்க, பல் விளக்கினார்களோ இல்லையோ, படங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற தாடிக்காரனுக்கு இது முடிந்ததும் பக்கத்து அரங்கில் விண்வெளிப் படம், அதற்கப்புறம் ஒரே ஒரு ஆடு மேய்ப்பவரை மூன்று மணி நேரம் காட்டும் படம். "ஆனா இந்த வருஷம் எல்லாரும் காத்துக்கிட்டிருக்குறது இந்தப் படத்துக்குத்தான். இங்க விட்டா அப்புறம் எங்கயும் பாக்க முடியாது," என்று கூட வந்தவளிடம் சொன்னான். அவன் சொன்னது என் அண்ணன் வீட்டில் எடுத்த படத்தை. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதை எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. போன வருடம் நாலைந்து பேரோடு வந்து இறங்கி, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, பட்டப்பகலில் நள்ளிரவை உண்டாக்கிவிட்டாள். கூடத்தில் நாயகி தனியாக உட்கார்ந்திருக்க, பின்னால் சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுக வேண்டும். அதுதான் காட்சி. என் அண்ணனோ லிஃப்ட் மெக்கானிக். எங்கே எது ஒழுகினாலும் கிறீச்சிட்டாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தவர் சொட்டுச் சத்தத்தில் விழித்து, படப்பிடிப்பையே மறந்து, பனியனோடு வலது காலை இழுத்து இழுத்து வந்து, கேமராவுக்கு நேராகக் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் போனார்.

"பரவால்ல அங்கிள், அத வெட்டிடலாம்," என்றாள் அந்தப் பெண். அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "சின்னப் பொண்ணு வேலையக் கெடுத்துட்டேனே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

சில மாதம் கழித்து, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அண்ணியிடம் அவருடைய போட்டோ எக்கச்சக்கமாக இருக்கிறது. அவர் நடப்பதுதான் எதிலும் இல்லை. வீட்டில் வீடியோ என்றால் போனைப் பிடிக்கிறவர் அவர்தான். "எல்லாத்துலயும் 'இங்க பாரு, இங்க பாரு'ன்னு கத்துறாரு. ஆளக் காணோம். அந்தக் கால இழுத்துக்கிட்டு வர்ற நடைய ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும் எனக்கு," என்பாள்.

அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் என்று இரண்டு அட்டை அனுப்பியிருந்தாள் அந்தப் பெண். அண்ணன் போனது அவளுக்குத் தெரியாது. போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அந்தக் காட்சி இருக்கிறதா என்றும் கேட்டுவிடலாமே என்று அண்ணியிடம் சொன்னேன்.

"வெட்டியாச்சுன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எதுக்குக் கெளம்புறது?"

போன் பண்ணவேயில்லை. பேய்ப் படம் என்றால் போஸ்டரைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டுகிறவள் நான். அண்ணனின் அட்டையை மாட்டிக்கொண்டு அண்ணியோடு புறப்பட்டேன்.

விளக்கு அணைந்தது. திரையில் அந்தக் கூடம் வந்தது. ஐயோ, நான் காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்த கூடமா இது! இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. அண்ணி காலண்டர் மாட்டும் ஆணிக்குக்கூட ஒரு கம்பீரம் வந்திருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதிப் படத்துக்கு மேல் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அண்ணியின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. இங்கேதான். வெட்டியிருந்தால் இப்போது நாயகி எழுந்து போய்விடுவாள், அவ்வளவுதான். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நாயகி எழவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் வெளுத்தது. பனியன். வலது கால் தரையைத் தேய்க்கும் சத்தம். அவசரமே இல்லாமல் வந்தார், குனிந்தார். சொட்டு நின்றது.

அரங்கமே மூச்சை உள்ளே இழுத்தது. தாடிக்காரன் "அம்மா" என்று முனகினான். ஒழுகும்வரை சும்மா இருந்தவர்கள், அது நின்றதும் உறைந்துபோனார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரும் காத்திராத என் அண்ணனுக்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மூடிட்டாரு," என்றாள் அண்ணி, மெதுவாக.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. கைதட்டலுக்கு நடுவில் அந்தப் பெண் மேடையேறினாள். தாடிக்காரன்தான் முதலில் எழுந்து கேட்டான். "குழாயை மூடுற அந்த உருவத்த எப்படி யோசிச்சீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "நான் எங்க யோசிச்சேன்? அவரு அந்த வீட்டுக்காரரு. தூக்கக் கலக்கத்துல வந்து மூடிட்டுப் போயிட்டாரு. வெட்டிடுறேன்னுதான் சொன்னேன். அப்புறம் போட்டுப் பாத்தா, படத்துக்கு உசுரே அதுதான். அவரும் இன்னிக்கு வந்திருக்காரு. அங்கிள், கொஞ்சம் எந்திரிங்க!"

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள்கூட உடம்பைத் திருப்பிக்கொண்டு தேடினார்கள். என் கழுத்தில் கிடந்த அட்டையை நான் கையால் மூடிக்கொண்டேன்.

அண்ணி எழுந்தாள். கைதட்டல் தடுமாறி ஓய்ந்தது.

"ஆன்ட்டி! அங்கிள் எங்க?" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு மாறாமல்.

அண்ணியின் கன்னமெல்லாம் ஈரம். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கையை நீட்டித் திரையைக் காட்டினாள்.

திரும்பியிருந்த தலைகள் ஒவ்வொன்றாக மறுபடி முன்னால் திரும்பின. மேடையில் நின்ற பெண்ணும் திரும்பி, வெறும் வெள்ளையாகக் கிடந்த திரையை அண்ணாந்து பார்த்தாள்.