ஜனவரியில் துளிர்த்த ஜெரேனியம்

ஓட்ஸோ எழுந்து காபி போட்டான். பட்டாணி முளைவிட்டிருந்த அடுக்குத் தட்டுகளுக்கு மேலிருந்த விளக்கை எரியவிட்டான். தளிர்களுக்குத் தண்ணீர் தெளித்தான். வளர்ந்திருந்தவற்றைக் கத்தரியால் நறுக்கி, வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டிமேல் போட்டு நின்றபடியே தின்றான். வெளியே இன்னும் இருட்டு. பின்லாந்தின் குவோப்பியோவில் ஜனவரி அப்படித்தான்.

அழைப்புமணி அடித்தது. மாமியார் ஐலா. கையில் அட்டைப்பெட்டி, அக்குளில் பழைய செய்தித்தாள் கட்டு. பூட்ஸைக் கழற்றாமல், பனி சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவனும் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"ஜெரேனியத்த எடுத்துட்டுப் போக வந்தேன்."

அது அவன் மனைவி சாய்மியின் செடி. செப்டம்பரில் அதன் இலைகளைக் கழித்து, குளிர்காலத்துக்காக நிலவறையில் இறக்கி வைத்தாள். மார்ச்சில் மேலே வரவேண்டும். அக்டோபரில் அவளே போய்விட்டாள். அடக்கத்தன்றே ஐலா செடியைக் கேட்டாள். "'செடிய நீயே பாத்துக்க'ன்னுதான் கடைசியா சொன்னா, அத்தை" என்றான் ஓட்ஸோ. மகளின் கடைசி வார்த்தை. ஐலா வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது ஜன்னலோரம் அதைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி! அதுக்குள்ள மேல கொண்டுவந்துட்டியா?"

"கீழ ஒரே இருட்டா இருக்கு."

"இருட்டுலதான் இருக்கணும்! இது என்ன பூனைக்குட்டியா, மடியில வெச்சுக்க? வெயிலே இல்லாத மாசத்துல துளிர்க்க விட்டிருக்க. பாரு, நூல் நூலா வெளுத்துக் கெடக்கு. செடிப்பேன் வேற. நீயெல்லாம் காலேஜ் படிச்சவன்!"

அவள் கத்தரியை எடுத்தாள். "ஒட்ட நறுக்கி என் நிலவறையில வெச்சாத்தான் பிழைக்கும்."

அவன் தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். வெளுத்திருந்தாலும் அவை சாய்மி விட்டுப்போன தண்டில் வந்த தளிர்கள்.

"இதுல கை வெச்சீங்கன்னா நல்லா இருக்காது."

"மிரட்டுறியா?"

"அவ என்கிட்டதான் கொடுத்தா."

ஐலா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"கொடுத்தாளா? ரெண்டு நாள் வெளியூர் போனாலே எந்தத் தொட்டிக்கு எத்தனை கரண்டி தண்ணின்னு போன் போட்டு என் உயிர எடுப்பா. அவ செடிய உன் கையில கொடுத்துட்டு சும்மாவா போயிருப்பா? சொல்லு, எப்பத் தண்ணி விடச் சொன்னா? எப்ப மேல கொண்டுவரச் சொன்னா?"

அவன் தொட்டி மண்ணைப் பார்த்தான்.

"பொய். செத்தவ பேர்ல பொய்."

அவள் தொட்டியைப் பிடுங்கியபோது அவன் கைகள் தாமாகவே விட்டுவிட்டன. வெளிக்குளிரில் கருகாமலிருக்கச் செய்தித்தாளை மடிப்பு மடிப்பாகச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"அப்ப நெஜமா என்னதான் சொன்னா? நான் அன்னிக்கு அவளப் பாக்க பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன். என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

இத்தனை நாளும் அந்தக் கடைசி வார்த்தையை இவள் மனம் நோகக்கூடாது என்றுதான் அவன் மறைத்து வைத்திருந்தான். இனி எதற்கு?

"சொன்னா" என்றான். "'அம்மா வந்தா நான் தூங்குறேன்னு சொல்லிடு'ன்னா."