யார் சட்டையையோ பிடித்த ஆன்டிபாடி

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. திருடியது என்றால், சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னதுதான். எழுதப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "எலும்பு வளரும் ஓசையை யாரும் கேட்டதில்லை, ஆனால் அவள்…" வேண்டாம். அவளும் கேட்டதில்லை. ஒரு சின்னக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

2

(தெரியாதவர்களுக்கு: ஆன்டிபாடி என்பது பெருங்கூட்டத்தில் ஒரே ஒரு ஆளின் சட்டையை மட்டும் பிடிக்கிற சாமான். அக்காவின் குப்பியில் இருந்தது, எலும்பை வளரவைக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்க வேண்டியது. பிடித்தால், எக்ஸ்ரேக்கு வைக்கிற மாதிரி ஒரு ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். அகராதி இதைப் 'பிறபொருளெதிரி' என்கிறது. அந்தச் சொல்லை வைத்து வசனம் எழுத எனக்குத் துணிவில்லை.)

நாலு வருஷம் கோடு விழுந்தது. முறிந்த எலும்பு கூடும்போது அந்தப் புரதம் எந்த நாளில் வருகிறது, எந்த நாளில் போகிறது என்று அக்கா கட்டுரை எழுதிப் பேரும் வாங்கினாள். பிறகு, அந்தப் புரதத்தை உண்டாக்கவே முடியாதபடி மரபணுவை நீக்கிய செல்கள் கிடைத்தன. ஒரு சரிபார்ப்புக்கு அவற்றிலும் அதே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தாள்.

கோடு விழுந்தது.

ஆளே இல்லாத இடத்தில் சட்டையைப் பிடித்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் பிடித்தது வேறு யாருடைய சட்டையையோ. மூன்று முறை திரும்பச் செய்தாள். மூன்று கோடு.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். அக்காவின் மேலதிகாரியை வைத்தேன்: "அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி…" இல்லை. அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாராம். எல்லாரும் வாங்குகிற குப்பிதான், நம்ம மேல் தப்பில்லை, விட்டுவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்றாராம். அப்புறம், முடிவு உன்னுடையது என்றாராம். இதை வைத்து ஒரு வில்லனைத் தேற்ற முடியாது. முயன்று பார்த்தேன்.

அக்கா, தப்பு என்று இதழுக்கு எழுதிப் போட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். அத்தானிடம் சொன்னபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமல் "சரி" என்றாராம். 'நிறுத்தாமல்' என்பதை அக்கா இரண்டு தடவை சொன்னாள்.

4

பதினோரு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. வேறோர் ஊரில், வேறோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண். அக்காவின் கட்டுரையை நம்பி, வேறொரு ஆன்டிபாடியை வைத்து அதே சோதனையை இரண்டு வருஷம் செய்திருக்கிறாள். அக்கா சொன்ன நாளில் ஒருதடவைகூடக் கோடு விழவில்லை. உனக்குக் கைப்பக்குவம் போதாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவளும் நம்பி வேலையை விட்டுவிட்டாள். கடிதத்தில் திட்டவில்லை. நன்றிகூடச் சொல்லியிருந்தாள். கடைசியில் மட்டும் ஒரு வரி:

"அப்படியென்றால் என் கை சரியாகத்தான் இருந்ததா, மேடம்?"

5

முடிவுகள்.

அக்கா அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே அழைத்துக்கொள்கிறாள். (நான் எழுதுவது அதற்குள் அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. படித்துவிட்டு, "இடம் காலியில்லடா" என்றாள்.)

அக்கா பதிலே எழுதாமல் கடிதத்தை… (அடித்துவிட்டேன். என் அக்கா அவள்.)

உண்மையில் என்னதான் எழுதினாய் என்று கேட்டேன்.

"ஆமான்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல எதை எழுதினாலும் என்னைப் பத்தித்தான்டா வருது."

அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்தாள் என்பதை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழிலும் அவள் அக்காவை மன்னித்துவிடுகிறாள். ஆகவே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவள் அக்கா இல்லை.