வலப்பக்கத்து வெளிச்சம்

மருந்தாளுநரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அறுவைச் சிகிச்சை முடிந்தது; எலும்புக்குள் ஆணியும் வைத்தாயிற்று. ஆனால் மருத்துவமனையில் எழுந்து நிற்கச் சொன்னபோதெல்லாம் அந்த அம்மாள் மறுத்துவிட்டார். பிடித்து நடக்கக் கொடுத்த, சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் தம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்றார். வீட்டுக்குப் போகும் அன்றே, கணவர் செய்யும் தூண்களைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவதாக வாக்கும் கொடுத்திருந்தார். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அதற்கு ஒருவாறு உடன்பட்டாள். எனினும், அன்றும் எழவில்லையென்றால் பயம் நிலைத்துவிடும், பிறகு கால் சரியாக இருந்தாலும் மனம் எழவிடாது என்று மருந்தாளுநரைத் தனியே அழைத்து எச்சரித்தாள்.

அந்தத் தூண்கள் இரண்டு. கட்டிலின் கால்களுக்கடியில் செருகிவைக்கும் கனத்த பலகை ஒன்று. அதன் வெளிவிளிம்பில், உட்கார்ந்திருப்பவரின் இரு கைகளுக்கும் எட்டும்படி இரு தூண்கள். ஒவ்வொரு தூணின் அடிமுனையையும் நாக்குப்போல் அறுத்து, பலகையில் குடைந்த குழிக்குள் இறுக்கிப் பசையிட வேண்டும். இடத்தூண் மூன்று நாட்களுக்கு முன்பே முடிந்து, பசையும் காய்ந்து, பலகையோடு பிறந்தது போல நின்றது. வலத்தூண் மட்டும் எஞ்சியிருந்தது.

வேலை நடந்த இடம், முன்பு கார் நிறுத்திய கொட்டகை. அதற்குச் சன்னல் கிடையாது. இரும்புக் கதவைத் திறந்துவைத்தால் மரத்தூள் பறந்து அடுத்த வீட்டார் உலர்த்தும் துணிகளில் படிகிறது என்று முறையீடு வந்ததனால், பகலிலும் கதவை இறக்கிவிட்டே அவர் வேலை செய்வார். கூரையின் நடுவே ஒரு டியூப் லைட் உண்டு. மேசைமுன் நிற்பவருக்கு அது முதுகுக்குப் பின்னால் எரிந்தது. ஆகவே அவர் எதைக் குனிந்து பார்த்தாலும், முதலில் கண்ணில் படுவது அவருடைய தலையின் நிழலே. இதற்காகவே மேசையின் இடது மூலையில், கழுத்து வளையும் பழைய விளக்கு ஒன்றைக் கவ்வவிட்டிருந்தார். அதை மிகத் தாழ்த்தி, வெளிச்சம் மரத்தின்மேல் கொட்டாமல் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லுமாறு வைப்பார்.

மருந்துக்கடையில் ஒரு சீட்டை மூன்று முறை படித்த பிறகே மாத்திரையைக் கையால் தொடுகிறவர் அவர். மரவேலையிலும் அப்படியே. பென்சிலை நம்பாமல் கத்திமுனையால் மெல்லிய கோடு கீறுவார். இடப்பக்கத்து வெளிச்சத்தில் அந்தக் கீறலின் ஒரு கரை இருண்டும் மறு கரை ஒளிர்ந்தும் தோன்றும். இருண்ட கரையின் பக்கம் கழிவு. ஒளிர்ந்த கரையின் பக்கம் தங்கும் மரம். எந்தக் கட்டையானாலும் கழிவு இடப்புறம் வருமாறு திருப்பி வைத்து, இருளைத் தொட்டுக்கொண்டு ரம்பத்தை இறக்குவார். மற்றவர்கள் கழிவுப் பகுதியில் பெருக்கல் குறி இட்டுக்கொள்வார்கள். அவர் இடுவதில்லை. ஆண்டுக்கணக்காக அதற்குத் தேவை நேர்ந்ததில்லை.

அன்று காலையில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தார். மின்சார வேலை செய்பவர். குடும்பத்தார் அவரை ஃபியூஸ் என்றே அழைத்தார்கள். தொழிலால் மட்டுமன்று, எந்த நெருக்கடியிலும் முதலில் சூடேறி அணைந்துபோகிறவர் என்பதனாலும் அந்தப் பெயர். கொட்டகைக்குள் நுழைந்ததும் பழைய விளக்கைத்தான் பார்த்தார்.

“இது விளக்கா மச்சான், கொக்கா? ஒத்தக் கால்ல நின்னு மீனுக்குக் காத்திருக்கு.”

கேலியோடு நிற்கவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள விளக்கொன்றை எடுத்தார். மின்பெட்டிகளுக்குள் தலையை நுழைத்து வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பது; கம்பி வேண்டாம், சார்ஜ் ஏற்றினால் ஆறு மணி நேரம் எரியும், முதுகில் காந்தம். கொக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, புதியதை ஒட்டுவதற்கு இரும்பைத் தேடினார். மேசைக்கு அருகில் இருந்த இரும்பு, கருவிகள் வைக்கும் அலமாரி ஒன்றே. அது மேசைக்கு வலப்புறத்தில் நின்றது. விளக்கு டக்கென்று அதில் ஒட்டிக்கொண்டு, மேசை முழுவதையும் பால்போல் வெளுப்பாக்கியது. மருந்தாளுநர் மெய்யாகவே மகிழ்ந்தார். கீறல்கள் இவ்வளவு தெளிவாக என்றும் தெரிந்ததில்லை என்று மைத்துனரிடம் சொன்னார். பலகையைத் தரையோடு பிணைக்கத் திருகாணி வாங்கிவர ஃபியூஸ் கடைக்குப் போனார்.

அவர் போன பிறகு மருந்தாளுநர் வலத்தூணின் நாக்கை அறுத்தார். கீறலின் இருண்ட கரை தெளிவாகத் தெரிந்தது. அதைத் தொட்டுக்கொண்டு ரம்பத்தை இறக்கினார்; திருப்பி வைத்து மறு பக்கத்தையும் அறுத்தார். வெட்டு கண்ணாடிபோல் வந்தது.

நாக்கைக் குழியில் வைத்தபோது மரச்சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு கையில் அதைத் தயாராகப் பிடித்திருந்தார். தட்ட வேண்டியிருக்கவில்லை. தூண் தன் பாரத்தாலேயே உள்ளே இறங்கி, பல்லாடுவது போல ஆடியது.

என்ன நேர்ந்தது என்பது சிறிது நேரம் அவருக்கு விளங்கவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தார். இரு பக்கமும் ரம்பத் தகடு தின்னும் அளவு, சரியாக ஒவ்வொரு ரம்பக் கனம், குறைந்திருந்தது. பிறகு, அறுத்து விழுந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பினார். கீறல் அந்தத் துண்டின் விளிம்பிலேயே சிதையாமல் கிடந்தது. அலமாரியை ஏறிட்டுப் பார்த்தார். வெளிச்சம் வலத்திலிருந்து வந்ததனால் இருண்ட கரையும் பக்கம் மாறியிருந்தது. அவருடைய கண் கோட்டைப் பார்க்கவேயில்லை. பழகிய இருளை மட்டும் பின்தொடர்ந்து சென்று, தங்கவேண்டிய மரத்தைத் தின்றிருந்தது.

வேறு கட்டை வாங்கி அறுத்தால், பசை காய ஒரு நாள் கிடைக்காது. மெல்லிய சில்லுகள் இரண்டை இழைத்து, நாக்கின் இரு கன்னங்களிலும் பசையோடு ஒட்டி, குழிக்குள் அடித்து இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். சில்லுகளைச் சீராக்கக் கிடைத்த பொழுது போதவில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. முழுப்பாரம் ஏற்ற ஒரு நாள் பொறுக்குமாறு பசை டப்பாவில் அச்சிட்டிருந்தது. அதை மூன்று முறை படித்தார். மனைவி வருவது மறுநாள் மாலையில். பொழுது இருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மகள் தொலைபேசியில் அழைத்தாள். மருத்துவர் இன்றைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டார், மூன்று மணிக்குள் வந்துவிடுவோம், அம்மா இப்போதே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கிருந்து கிளம்பினால் போதும் என்கிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். நல்லது என்றார் அவர். பசை டப்பாவை மறுபடி எடுத்துப் படித்தார்.

இரண்டு மணிக்கு, கடையிலிருந்து திரும்பி நடந்ததைக் கேட்டறிந்திருந்த ஃபியூஸும் அவருமாகக் கிளாம்பைக் கழற்றி, பலகையைத் தூக்கிச் சென்று கட்டிலுக்கடியில் செருகித் திருகாணி முடுக்கினார்கள். தூண்கள் இரண்டும் நேராக, ஒன்றுபோல நின்றன. ஃபியூஸ் வலத்தூணை இரு கைகளாலும் பிடித்துக் கால்களை மடக்கித் தொங்கினார். தூண் தாங்கியது.

“பாத்தீங்களா? என்னையே தாங்குது. அக்கா என்னில பாதி.”

மருந்தாளுநர் தரையில் படுத்தார். காந்த விளக்கை இணைப்புக்கு அருகே, தரையை ஒட்டி வைத்து, மறுபடியும் தொங்கச் சொன்னார். பாரம் ஏறியபோது நாக்குக்கும் குழிக்கும் இடையே மயிரிழை அளவு ஒரு கருங்கோடு திறந்தது. பாரம் இறங்கியதும் மூடிக்கொண்டது. இன்னொரு முறை தொங்கச் சொன்னார். திறந்தது, மூடியது. விளக்கில்லாமல் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நின்று பார்த்தால் அதுவும் நல்ல தூணே.

கழற்றிவிடலாமென்றால், பசை பாதி பிடித்திருந்தது; இழுத்தால் பலகையே பிளந்து இடத்தூணும் போய்விடும். அறுத்து எறிவதாயினும் பலகையை மறுபடி பெயர்த்தாக வேண்டும். வாசலில் வண்டி வந்து நிற்கும் வேளை அது. ஃபியூஸுக்குச் சூடேறிவிட்டது. தம்முடைய விளக்கினால் வந்த வினை என்று மூன்று முறை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சொல்லிடாதீங்க மச்சான். அக்காவுக்குப் பயம் வந்துச்சுன்னா அவ்வளவுதான். இந்த ஒரு நாள்தானே? நான் பக்கத்துலயே நிக்கறேன். நாளைக்குப் பசை காஞ்சிடும், யாருக்கும் தெரியாது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே மருந்தாளுநரை வாட்டியது. சொன்னால் மனைவி எழாமல் போகலாம். இன்று எழாவிட்டால் என்றைக்குமே எழாமல் போகலாம். சொல்லாவிட்டால், ஆணி வைத்த எலும்பு அந்த மயிரிழையை நம்பி நிற்கும். மருந்துச் சீட்டு ஐயமாக இருந்தால் எழுதியவரிடமே கேட்டுவிடலாம். இங்கே எழுதியவர் அவரே.

மூன்றுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் வந்துவிட்டார்கள். நாற்காலியில் வைத்து உள்ளே தூக்கி வந்து, கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் மெலிந்திருந்தார். தூண்களின் உருண்டை முனைகளை மாறி மாறிப் பார்த்தார். மகள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். சிறிது இளைப்பாறலாம் என்று தம்பி சொன்னதற்கு, இளைப்பாறினால் பயம் வந்துவிடும், இப்போதே எழுகிறேன் என்றார். இடக்கை இடத்தூணின்மேல் அமர்ந்தது. வலக்கை எழுந்தது.

“வலது பக்கத்தைப் பிடிக்காத,” என்றார் மருந்தாளுநர்.

கை அந்தரத்தில் நின்றது.

“அது சரியில்ல. நான் தப்பா அறுத்துட்டேன். ஒட்டு போட்டிருக்கேன், இன்னும் காயல.”

ஃபியூஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாளின் கை மடிக்கு இறங்கியது. இடத்தூணைப் பிடித்திருந்த விரல்களும் மெல்லத் தளர்ந்தன. அதைக் கண்டதும், செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று மருந்தாளுநர் நினைத்தார்.

“எவ்வளவு தப்பு?” என்று கேட்டார் மனைவி.

“ரெண்டு பக்கமும் ஒரு ரம்பக் கனம்.”

காட்டச் சொன்னார். மருந்தாளுநர் விளக்கை எடுத்துவந்து தரையில் வைத்தார். தம்பி அக்காவின் ஆணைப்படி தூணை அழுத்தினார். கருங்கோடு திறந்து மூடியது. அந்த அம்மாள் கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டி, முகஞ்சுளிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என் எலும்பை இப்படித்தான் வெளிச்சத்துல வச்சுக் காட்டினார். அதுல இதைவிடப் பெரிய சந்து.”

“அதுக்கு ஆணி வச்சிருக்காங்க. இதுக்கு வெறும் பசைதான்.”

“சரி. இடது?”

“இடது நல்லா இருக்கு.”

“நிச்சயமா?”

ஆம் என்று சொல்ல வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். காலையிலும் அவர் நிச்சயமாகவே இருந்தார். விளக்கை இடத்தூணின் அடிக்கு நகர்த்தி, கன்னம் தரையில் படுமாறு படுத்தார். இடப்பக்கமிருந்து ஒருமுறை பார்த்தார், விளக்கை மாற்றி வைத்து வலப்பக்கமிருந்து ஒருமுறை, எதிரிலிருந்து ஒருமுறை. தம்பியை முழுப் பலத்தோடு அசைக்கச் சொன்னார். கோடு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அவ்வாறே சொன்னார்.

மனைவி தம்பியின் தோளை வலக்கையால் பற்றினார். தோள் நடுங்குகிறது, இதற்கும் பசை காயவில்லையா என்று கேட்டார். ஃபியூஸ் சிரிக்க முயன்றார், முடியவில்லை. இடக்கை இடத்தூணை இறுக்கியது. கட்டில் கிரீச்சிட்டது. அறைவாசலுக்குத் தண்ணீருடன் வந்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

மருந்தாளுநருக்குத் தெரிந்ததெல்லாம் விரல் நீளமுள்ள மரம் ஒன்றே. அதன்மேல் ஒரு மனுஷியின் பாரம் சிறிது சிறிதாக ஏறுவதை, மரத்தின் நிறத்திலே தேடிக்கொண்டிருந்தார். நாக்கும் குழியும் சேரும் இடத்தில் கண் நட்டிருந்தது. இமைத்தால் அந்த நொடியில் திறந்துவிடுமோ என்று இமைக்கவும் அஞ்சினார்.

“என்னங்க,” என்று மேலேயிருந்து குரல் வந்தது. மூச்சிரைத்தது. “எழுந்து நிக்கறது நான். நீங்க அங்க என்னத்தைப் பாக்கறீங்க?”

“நின்னுட்டியா?”

“நின்னாச்சு.”

அவர் தலையைத் திருப்பவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் மனைவியின் பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வலப்பாதத்தின் விரல்கள் மடங்கி விரிந்தன. இணைப்பு மூடியே இருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?” என்று கேட்டார் மனைவி.

“நில்லு,” என்றார் அவர். “நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”