ஆறு புள்ளி நாலு வாங்கிய கடற்கரை

ட்ரெவர் வாத்தியாரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும் என்று கனடாவிலிருந்து பறந்து வந்த மனிதர். வந்த இடத்தில் கடல் இருந்தது. அது அவர் தப்பா? எங்கள் சான் ஹசிந்தோவுக்குக் கிழக்கிலும் மேற்கிலுமாக இருபத்தேழு கடற்கரைகள் இருக்கின்றன என்பதை, இங்கேயே பிறந்து இங்கேயே சளி பிடித்து வளர்ந்த எங்களுக்கு அவர்தான் எண்ணிச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய், குளித்து, படுத்து, எழுந்து, ஒரு நீல நோட்டில் மதிப்பெண் போட்டார். மணலுக்கு இத்தனை, அலைக்கு இத்தனை, பீரின் குளிர்ச்சிக்கு இத்தனை என்று பத்துக்குத் தசமப் புள்ளி வரை போட்டார். ஆறாம் வகுப்பின் பரீட்சைத் தாள்கள் மட்டும் பிப்ரவரியிலிருந்து அவர் மேசையில் தவம் கிடந்தன. ஒரு மனிதன் எத்தனைக்குத்தான் மதிப்பெண் போடுவான்?

அந்தத் தாள்களைத் திருத்தியவள் நெரெய்தா. மீன்பிடிக்கிறவர் மகள், முப்பத்தோரு வயது, கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. பள்ளிக்கூடக் கணக்கில் அவள் 'உதவி ஆசிரியை'. நாலு வருடத்தில் மூன்று வெளிநாட்டு வாத்தியார்களுக்கு உதவிவிட்டாள். உதவி என்றால், பாடத்தைத் தயார் செய்வது, பாடத்தை நடத்துவது, தாள் திருத்துவது, அழுகிற பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவது. மீதி எல்லாவற்றையும் வாத்தியார் பார்த்துக்கொள்வார். அதாவது, காலையில் குட் மார்னிங் சொல்வார்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய பலகை. 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்' என்று எழுதி ட்ரெவரின் சிரித்த முகம். உள்ளே ஆறாம் வகுப்பின் கதவிலும் அவர் பெயர்தான். நெரெய்தாவுக்கு வாழ்க்கையில் பெரிய பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அந்தக் கதவில் தன் பெயர் இருக்க வேண்டும், அந்த வகுப்பு தன்னுடையது என்று காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல்வர் ஹெர்மிலோ நாலு வருடமாக, அடுத்த ஆகஸ்டில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதமும் சளைக்காமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ட்ரெவர் அந்த நீல நோட்டை அவளிடம் பெருமையாகக் காட்டினார். அவள் அப்பா படகு நிறுத்தும் கரை, அவள் நடை பழகிய கரை, பதினெட்டாவது இடத்தில் இருந்தது. ஆறு புள்ளி நாலு. ஏன் குறைந்தது என்று கேட்டாள். மீன் நாற்றத்துக்கு இரண்டு கழித்தாராம், பெலிகன் பறவைகள் சத்தம் போட்டதற்கு ஒன்று, பீர் சரியாகக் குளிராததற்குப் புள்ளி ஆறு. நெரெய்தா நோட்டை மூடிக் கொடுத்தாள். அவள் அந்தக் கடலில் கால் நனைத்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. சனி ஞாயிறில் அவர் கடலுக்குப் போனால், திங்கட்கிழமைப் பாடத்தை யார் எழுதுவது?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கப்பல், ஜூன் மாதம் தரை தட்டியது. வருடக் கடைசியில் பெற்றோர்கள் வந்து பின்னால் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்க்கும் நாள், வெள்ளிக்கிழமை. அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வியாழன் மத்தியானம் ட்ரெவரிடமிருந்து முதல்வரின் போனுக்கு ஒரு படம் வந்தது. தொங்கு படுக்கையில் நீட்டிய இரண்டு கால், அதற்கு அப்பால் கடல். கீழே ஒரு வரி: "இங்கே அலை பிரமாதம். திங்கட்கிழமை பார்க்கலாம்."

ஹெர்மிலோ நெரெய்தாவை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு முப்பது பேர் வந்து உக்காருவாங்க. யாரைம்மா காட்டுவேன்?"

"என்னைக் காட்டுங்க சார். நான்தானே நடத்துறேன்."

"உன்னை அவங்க மீன் மார்க்கெட்லயே பாக்குறாங்களேம்மா. அதுக்கு எதுக்கு என் ஸ்கூலுக்கு வரணும்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் அது அதிகம் வலித்தது.

பெட்ரோல் பங்க் முக்கில் இரண்டு வாரமாக ஒரு நெட்டை மனிதர் வேனை நிறுத்திச் சீஸ் விற்றுக்கொண்டிருந்தார். பெயர் கொர்னேலியோ. வடக்கே சிவாவா மாநிலத்துப் பண்ணைகளில் மூன்று தலைமுறையாக மாடு வளர்க்கிற மெனோனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்து ஆள். மஞ்சள் முடி, நீலக் கண், ஆறரை அடி. வீட்டில் ஏதோ ஒரு பழைய ஜெர்மன் பேசுவார்கள், வெளியில் நம்மைப்போல ஸ்பானிஷ். ஆங்கிலம் கிலோ என்ன விலை என்று கேட்கக்கூடியவர். நூல் நூலாகச் சீஸ் திரிக்கிற எங்கள் சீமைக்கு வந்து கட்டிச் சீஸ் விற்கிற தைரியசாலி. ஹெர்மிலோ அன்று சாயங்காலமே போய், வண்டியில் இருந்த சீஸ் முழுவதையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, மனிதரைப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார்.

கொர்னேலியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது சார்."

"வர வேண்டாம். நீங்க நின்னாப் போதும்."

"யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். பொய் சொல்றது எங்க வழக்கம் இல்ல."

"கேக்க மாட்டாங்க. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பிறகு நெரெய்தாவின் பக்கம் திரும்பி, ஒரே ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னார். நல்லபடியாக முடிந்தால் இந்த ஆகஸ்டிலிருந்து ஆறாம் வகுப்பு அவளுடையது, கதவில் அவள் பெயர், தேவமாதா சத்தியம். சுவரில் இருந்த மாதா படத்தையும் தொட்டுக் காட்டினார். நெரெய்தா அந்தப் படத்தைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் குளித்து முழுகி வந்து உட்கார்ந்தார்கள். ட்ரெவரை அவர்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை, வாசல் பலகையில் இருந்த முகத்தையும் முதல்வர் காகிதத் தோரணத்தால் மறைத்திருந்தார். முன் வரிசையில் பெற்றோர் சங்கத் தலைவி க்ளோத்தில்தே அம்மாள், கையில் விசிறி. முதல்வரின் கோட்டு கொர்னேலியோவுக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. ஆனாலும் தொப்பியும் வேனும் இல்லாத அவரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. கார் ஜன்னல் வழியாகச் சீஸைத்தான் பார்ப்போம், நீட்டுகிற ஆளையா பார்க்கிறோம்? பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுக்கு முதல்வர் காலையிலேயே சீஸ் வைத்த சோள ரொட்டி கொடுத்து வாயை அடைத்திருந்தார்.

பாடம் கடலைப் பற்றி. கொர்னேலியோ குட் மார்னிங் சொன்னார். நெரெய்தா முந்தின நாள் அரைமணி நேரம் பழக்கியது. பிறகு குச்சியால் படங்களைத் தொட்டுக்கொண்டே போனார். மூலையில் நின்ற நெரெய்தா புருவத்தைத் தூக்கினால் ஒரு பிள்ளை எழும், தலையை ஆட்டினால் உட்காரும். அலை எப்போது ஏறும், ஆமை எங்கே முட்டையிடும், சிவப்புக் கொடி பறந்தால் ஏன் இறங்கக் கூடாது என்று பதினெட்டுப் பிள்ளைகளும் தங்குதடையில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்கள். யூலிசா என்ற திக்குவாய்ப் பெண்கூட நாலு வாக்கியம் திக்காமல் சொல்லி முடித்தாள். அந்த நாலு வாக்கியத்துக்காக நெரெய்தா நாலு மாதம் அவளோடு உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் கதவில் ஏறிவிட்டது என்றே நினைத்தாள்.

க்ளோத்தில்தே அம்மாள் விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்தார். பிள்ளைகளின் உச்சரிப்பு அப்படியே சாரின் உச்சரிப்பு என்று புல்லரித்துச் சொன்னார். சார் அதுவரை உச்சரித்தது இரண்டே வார்த்தை. அடுத்த வருடமும் இந்தச் சாரே வேண்டும் என்றார். அதோடு விடாமல், ஒரு மணி நேரமாக மூலையில் சும்மா நிற்கிற இந்த உள்ளூர் மிஸ்ஸுக்கு எதற்குச் சம்பளம் என்றும் கேட்டுவைத்தார்.

முதல்வர் வாயெல்லாம் பல்லாக, "நிச்சயமா அம்மா. அடுத்த வருஷமும் சார்தான்," என்றார். மாதா படம் அடுத்த அறையில் இருந்ததால் அதற்குக் கேட்டிருக்காது.

நெரெய்தாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. மூலையிலிருந்து நடந்து வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"கொர்னேலியோ சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது மிஸ். ஒரு எழுத்துகூடத் தெரியாது. நான் சீஸ் விக்கிறவன்."

ஹெர்மிலோ கண்ணை மூடிக்கொண்டார். முப்பது பெற்றோரும் க்ளோத்தில்தே அம்மாளைப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"பாத்தீங்களா அடக்கத்தை? இதே நம்மூர் ஆளா இருந்தா, ரெண்டு வார்த்தை தெரிஞ்சதுக்கே தலைகால் புரியாம ஆடும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கொர்னேலியோ பதறிப்போய், தான் சொன்னது நிஜம்தான், நேற்றுக்கூட இந்த அம்மா தன்னிடம் அரைக் கிலோ வாங்கினார்களே என்று எடுத்துச் சொன்னார். சாருக்குத் தமாஷும் வருகிறது என்று இன்னொரு தடவை கைதட்டினார்கள். அதற்குள் ஸ்பானிஷ்கூட எவ்வளவு சுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு அப்பா வியந்தார். சாரை அவமானப்படுத்தப் பார்த்த உள்ளூர் மிஸ்ஸைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

நெரெய்தா நாற்காலிகள் அடுக்கும் அறைக்குப் போய் அழுதாள். நாலு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். கொர்னேலியோ கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு அவளைத் தேடி வந்தார். அடுத்த வருட வேலையை முதல்வர் தரச் சம்மதித்தாராம், இவர் வேண்டாம் என்றுவிட்டாராம். மாடு காத்திருக்கும் இல்லையா?

"மன்னிச்சுக்குங்க மிஸ். உள்ளதைத்தான் சொன்னேன். யாரும் வாங்கிக்கல."

சனிக்கிழமை அவர் வேன் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அன்றைக்கே முதல்வர் நெரெய்தாவை அழைத்து, நடந்ததைப் பெரிய மனது பண்ணி மன்னிப்பதாகவும், இன்னும் ஒரு வருடம் உதவி ஆசிரியையாகவே இருந்து நல்ல பெயர் எடுக்கும்படியும் சொன்னார். அவள் சரி சார் என்றாள். சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் பாடம் எழுதவில்லை. அப்பாவோடு வலை பிரித்தாள், இலையில் அவித்த சோளமாவுத் தமால் வாங்கித் தின்றாள், தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல்வரின் போனுக்கு ஒரு படம் வந்தது. மணலில் நீட்டிய இரண்டு கால், அதற்கு அப்பால் கடல், ஓரத்தில் ஒரு பெலிகன். கீழே ஒரு வரி: "இங்கே அலை பிரமாதம். இன்னைக்கு வர மாட்டேன்." இந்தத் தடவை அனுப்பியவள் நெரெய்தா.

பதினோரு மணிக்கு ஹெர்மிலோ மூன்று சக்கர வண்டியில் அவள் அப்பா படகு நிறுத்தும் கரைக்கு வந்து இறங்கினார். பாலிஷ் போட்ட சப்பாத்து மணலில் புதையப் புதைய நடந்து, படகு நிழலில் உட்கார்ந்திருந்த அவளிடம் வந்து மூச்சு வாங்கினார். ஈரத் தலையைக் கொண்டை போட்டுப் பழக்கதோஷத்தில் பேனாவையும் செருகியிருந்தாள். அவர் சொன்னது இதுதான். ட்ரெவர் மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தார். குட் மார்னிங் சொன்னார். பிள்ளைகளும் சொன்னார்கள். பிறகு வழக்கம்போல மூலையைப் பார்த்தார். மூலை காலி. புத்தகத்தைப் புரட்டினார், எந்தப் பாடம் நடக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டார், மிஸ்ஸைக் கேளுங்கள் என்று பதினெட்டுப் பேரும் சொன்னார்கள். கடைசியில் மனிதர் கரும்பலகையில் இருபத்தேழு கடற்கரைகளையும் வரிசையாக எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நெட்டைச் சாருக்குத் தமால் கொண்டுவந்த க்ளோத்தில்தே அம்மாள் இதையெல்லாம் ஜன்னல் வழியாக முழுசாகப் பார்த்தார்.

"அந்த மூலையில நிக்கிற மிஸ் எங்கேன்னு கேக்குறாங்கம்மா. அவங்க இல்லாம ஒண்ணும் ஓடல போலிருக்கேன்னு சொல்றாங்க. மத்த அம்மாக்களும் வந்துட்டாங்க."

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆறாம் வகுப்பு, முதன்மை ஆசிரியை, நெரெய்தா சாராத்தே. நாலு வருடமாகக் கேட்ட அதே காகிதம். அவள் அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் தாள் திருத்துகிறவர்கள் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விடுவதில்லை. ஏழாவது விதி அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. பெற்றோர் வரும் நாளிலும், விளம்பரப் படங்களிலும், பள்ளி விரும்புகிற வேறு ஒருவரை முன்னால் நிறுத்திக்கொள்ளலாம், ஆசிரியை மூலையில் ஒத்துழைக்க வேண்டும்.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்மா அது," என்றார் ஹெர்மிலோ.

கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினாள். ஏழாவது விதியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். ஓரத்தில், யூலிசாவின் நோட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில் எழுதினாள்: 'தவறு. திருத்தி எழுதி வரவும்.' காகிதத்தை மடிக்காமல் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அலை வந்து அவர் சப்பாத்தை நனைத்துவிட்டுப் போனது.

"சரிம்மா, ஒரு மணி நேரத்துல அடிச்சுக் கொண்டாந்துடுறேன். எப்ப வருவே?"

"அலை எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்."

பேனாவை மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டு, ஆறு புள்ளி நாலு வாங்கிய கடலுக்குள் இடுப்பளவு இறங்கினாள்.