முதல் பஸ் சனம்

சீனிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈப்போ லகாட் ரோட்டில், உடையப்பன் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் முதலாளியிடமே அதை நீட்டியது எழுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு முன்புதான்.

விஷயம் இதுதான். மற்ற தமிழ்க் கடைகளெல்லாம் முதல்நாள் ராத்திரியோடு சாத்திக்கொண்டு போய்விட, உடையப்பன் மட்டும் தீபாவளியன்று விடிந்ததும் கதவைத் திறந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். தோட்டங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் கூட்டம் அவரை நம்பி வரும். பிள்ளைகளுக்குச் சட்டை, சிலுவார் என்கிற கால்சட்டை, கவுன் என்று வாங்கி, அங்கேயே மாட்டிவிட்டு அழைத்துப் போகும். சீனி அந்தக் கூட்டத்துக்கு 'முதல் பஸ் சனம்' என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தச் சனத்தால் சீனிக்குத் தீபாவளியே இல்லாமல் போயிற்று. சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு கித்தா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவன் வீடு. மனைவி காளியம்மா அந்தத் தோட்டத்தில்தான் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறாள். இரண்டு பிள்ளைகள். பண்டிகையன்று அவன் இருட்டோடு கிளம்பி, உச்சிவெயிலில் திரும்புவான். அதற்குள் எண்ணெய்க் குளியல், படையல், பசியாறல் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் புதுச்சட்டையில் குழம்புக் கறையோடு விளையாடப் போயிருப்பார்கள். ஆறிப்போன தோசையை ஆட்டுக்கறியில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தீபாவளிக்குக்கூடக் காளியம்மா அவன் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. சொல்லாததுதான் அவனைக் குடைந்தது.

"மொதலாளி, இந்த வருஷம் தீபாவளிக்குக் கடைய மூடணும்லா" என்றான்.

"மூடினா அந்தச் சனம் எங்கடா போகும்?"

"ஒரு மாசமா கடை திறந்துதானே இருக்கு? முன்னாடியே வந்து வாங்குறதுக்கென்ன? சோம்பேறிச் சனம்! அதுங்க தூங்கி எழுந்து வரும்னு நாம ஏன் நம்ம பண்டிகைய விடணும்?"

சட்டை மடித்துக்கொண்டிருந்த பாஸ்கல் நிமிர்ந்தான். கடையில் சீனிக்கு அடுத்தவன், கிறிஸ்தவன். "அண்ணே, நான் திறந்து பாத்துக்கிறேன். எனக்கென்ன தீபாவளி? கிறிஸ்மஸுக்கு நீங்க எனக்காக நின்னா போதும்" என்றான். கிறிஸ்மஸ் சமயத்தில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் யூனிபாரம் வாங்கக் கூட்டம் நெரியும். பாஸ்கலுக்கு அன்றைக்கு லீவு கிடைத்ததே இல்லை.

"அதெல்லாம் வேணாம். நீ திறந்தா, கூட்டம் தாங்கலைன்னு என்னையும் கூப்பிட ஆள் வரும். மூடுறதுன்னா மூடணும்" என்று சீனி வெட்டிவிட்டான்.

உடையப்பன் அசையவில்லை. அவரை அசைத்தது மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி முத்தம்மா. அவர்கள் குடியிருந்தது கடைக்கு மேலேதான். "சீனி சொல்றதுல என்ன தப்பு? மேல ஒருத்தி பலகாரத்தைச் சுட்டு வச்சிக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கேன். நீங்க ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சிலுவார் மாட்டிவிட்டுட்டு வர்றீங்க" என்றாள்.

அத்தோடு வழக்கு முடிந்தது. 'தீபாவளியன்று கடை விடுமுறை' என்று பாஸ்கல் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினான். தான் தைப்பிங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகவும் சொன்னான். சீனி அந்த வாரம் முழுக்கக் கடையிலேயே படுத்து, சிரித்த முகத்தோடு வேலை பார்த்தான். காளியம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. நேரில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க ஆசை.

முதல்நாள் கடைசி பஸ்ஸில், லயம் அடங்கிய பிறகு வந்து அவளிடம் விஷயத்தைச் சொன்னவன், தீபாவளியன்று இருட்டுப் பிரியும் நேரத்தில் வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தான். காளியம்மா நல்லெண்ணெயை அவன் உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"தலை இவ்ளோ சின்னதா இருக்கு. வாய்க்குத்தான் எடமெல்லாம் போயிடுச்சு போல" என்றாள்.

எண்ணெய்த் தலையோடு நின்ற பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சீனிக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

அப்போது அடுத்த லயத்துக் கருப்பம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள். பின்னால் இன்னும் நாலைந்து குடும்பங்கள். எல்லோரும் பழைய துணியில்.

"என்ன சீனி, இன்னும் கிளம்பலையா? நாங்க உங்க கடைக்குத்தான் போறோம். முத பஸ் வந்துரும்லா."

சீனிக்கு விளங்கவில்லை. "நீங்க எதுக்குக்கா இன்னைக்கு? வருஷா வருஷம் முன்னாடியே வாங்கிருவீங்களே?"

"அது தொரை இருந்த காலம். இப்ப தோட்டத்த வாங்கினவன் பண்டிகைக் காச நேத்துப் பொழுது சாஞ்ச பிறகுதானே கொடுத்தான்? ஆபீஸ் வாசல்லயே கெடந்தோம். பிள்ளைங்க ஒரே அழுகை. நான்தான் சொன்னேன், ஏன் அழுவுறீங்க, சீனி மாமா கடை காலையில திறந்திருக்கும்னு."

காளியம்மாவின் கை அவன் தலையில் அப்படியே நின்றது.

சோம்பேறிச் சனம் என்று தான் சொன்னது சீனியின் காதில் திரும்பக் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடை இன்றைக்கு இல்லை, போகாதீர்கள் என்று சொல்லப் பார்த்தான். கருப்பம்மாளின் கடைக்குட்டி அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நீளமான வாய் திறக்கவே இல்லை.

எண்ணெய் வைத்த தலையோடு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதுவும் நல்ல நாளில் யாராவது போவார்களா? ஆனால் குளித்துவிட்டுப் போனால் பஸ் போய்விடும். சீனி எழுந்தான். மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"காளியம்மா..."

"துண்டை எடுத்துக் கட்டிக்கிட்டுப் போங்க. எண்ணெ வழியுது" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைக்கதவைத் தட்டியதும் மாடி ஜன்னல் திறந்தது. உடையப்பனின் தலை தெரிந்தது. அதிலும் எண்ணெய்.

"மொதலாளி, கடையைத் திறக்கணும்."

"மூடச் சொன்னவன் எவன்டா? கதவுல இருக்கிற அட்டையப் படி! எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நிம்மதியா உக்காந்திருக்கேன். பாஸ்கல் திறக்கிறேன்னான், அதையும் வேணாம்னே. போடா, சோம்பேறிச் சனத்துக்கெல்லாம் திறக்க முடியாது."

"சோம்பேறி இல்ல மொதலாளி. என் தோட்டத்துச் சனம். நேத்து சாயங்காலம்தான் காசு கைக்கு வந்துச்சு. நான் சொன்னது தப்பு" என்றான் சீனி. பக்கத்தில் நின்ற கருப்பம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்தம்மாவின் முகம் ஜன்னலுக்கு வந்தது. கீழே நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். சீனியின் தலைத்துண்டில் ஊறி, காதோரம் இறங்கும் எண்ணெயைப் பார்த்தாள். புருஷன் இடுப்பிலிருந்து சாவியை உருவிக் கீழே போட்டாள்.

"நீயே திறந்து நீயே வித்துக்க. இவர இன்னைக்கு நான் விடுறதா இல்ல."

சீனி கடையைத் திறந்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவலாம், தலையை என்ன செய்வது? குனிந்தால் துணியில் சொட்டும் என்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கழுத்தை ஆட்டாமல் நின்றுகொண்டே விற்றான். மேல் அலமாரியிலிருந்து பெண்களே எடுத்துக்கொண்டார்கள். வேறு தோட்டத்துச் சனமும் வந்து சேர்ந்தது. அவர்களிடமும் ஏன் லேட் என்று அவன் கேட்கவில்லை. அவன் தோட்டத்துக்காரர்கள் மட்டும் மற்றவர்களைப் போல அங்கேயே பிள்ளைகளுக்கு மாட்டிவிடாமல், "தாள்ல சுத்திக் கொடு" என்று வாங்கிக்கொண்டு முன்னால் பஸ் ஏறிப் போனார்கள். அதை யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

கூட்டம் ஓய்ந்து, கதவைச் சாத்தி, சாவியை மேலே கொடுத்துவிட்டு அவன் தோட்டத்துக்குத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எண்ணெயும் வேர்வையும் ஒன்றாய் முதுகில் ஓடின. வீட்டில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆறின தோசை. அழுக்கான புதுச்சட்டை. எல்லா வருஷத்தையும் போல இதுவும் போயிற்று.

வாசலில் பலகை போட்ட இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் கருப்பம்மாளின் பிள்ளைகள் மடியில் தாள் பொட்டலங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மற்ற குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். கடைசியில் அவனுடைய இரண்டு பேர், காலையில் வைத்த எண்ணெய் அப்படியே தலையில் காய. ஒருவர் உடம்பிலும் புதுத்துணி இல்லை.

"என்னக்கா, இன்னும் போட்டுவிடலையா?"

"நல்லாயிருக்கே! எங்களுக்காக எண்ணெத் தலையோட ஓடி வந்தே. நீ குளிக்காம எங்க பிள்ளைங்க எப்படிடா புதுசு உடுத்தும்?" என்றாள் கருப்பம்மாள். "சீக்கிரம் உக்காரு. எல்லாருக்கும் பசிக்குது."

சீனி பலகையில் உட்கார்ந்தான். கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

காலையிலிருந்து விறகு தள்ளிச் சூடு ஆறாமல் வைத்திருந்த வெந்நீரைக் காளியம்மா வாளியில் தூக்கி வந்தாள். செம்பில் மொண்டு அவன் தலைக்கு மேல் பிடித்தாள். ஆனால் ஊற்றவில்லை.

"அடுத்த வருஷம் கடைய மூடணுமா, திறக்கணுமா? இப்பவே சொல்லிருங்க."

சீனி செம்பை அண்ணாந்து பார்த்தான்.

"பாஸ்கலக் கேக்கணும்" என்றான் மெல்ல. "மொதல்ல கிறிஸ்மஸுக்கு நான் நிக்கிறேன்னு அவன்கிட்டச் சொல்லணும். நீ தண்ணிய ஊத்து."

அவள் ஊற்றினாள். முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததுதான் தாமதம், வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தாளைக் கிழிக்கத் தொடங்கினார்கள்.